எங்கே பிறந்தாய்? பிடிபட்ட கப்பல்களும் மாலுமிகளின் சாட்சியமும்

முதல் கேள்வி சுலபமானது. எங்கே பிறந்தாய்? அடுத்தது, இத்தனை வருடமாக எங்கே குடியிருக்கிறாய், எந்த அரசுக்குக் கட்டுப்பட்டவன்? அதன் பிறகு கேள்விகள் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். கப்பல் பிடிபட்டபோது நீ அதில் இருந்தாயா? எந்த இடத்தில், எந்த நாளில் பிடித்தார்கள்? எதிர்த்துச் சண்டை போட்டீர்களா? கப்பல் எங்கே கட்டியது, யாருக்குச் சொந்தம்? கப்பல் தலைவனின் மனைவி மக்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள்? சரக்கு யாருடையது, யார் கையில் சேர வேண்டியது? எல்லாவற்றிலும் கூரான கேள்வி ஒன்று உண்டு. துரத்தி வந்தபோது கப்பலிலிருந்த காகிதம் எதையாவது கிழித்தீர்களா, எரித்தீர்களா, ஒளித்தீர்களா, கடலில் எறிந்தீர்களா?

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் போர்க்கப்பலோ, அரசு உரிமம் பெற்ற தனியார் கப்பலோ ஒரு வணிகக் கப்பலை மடக்கித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தால், அதன் தலைவனும் மாலுமிகளில் ஓரிருவரும் இந்த மாதிரிக் கேள்விகளுக்குச் சத்தியம் செய்து பதில் சொல்லியாக வேண்டும். போரில் பிடித்த கப்பலுக்கும் சரக்குக்கும் கடல் சட்டத்தில் ‘பிரைஸ்’ என்று பெயர். கொண்டுவந்த கப்பல் முறையான பிரைஸா, உரியவரிடம் திருப்பித் தர வேண்டியதா என்பதை நீதிமன்றம் பெரும்பாலும் இந்தப் பதில்களையும் கப்பலில் கிடைத்த காகிதங்களையும் வைத்தே முடிவு செய்தது. பதில்களை எழுதிய ஏடுகள் இன்று லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தொகுதி தொகுதியாக இருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத, வேறெங்கும் பெயர் பதியாத மனிதர்களின் பேச்சு இவ்வளவு சேர்ந்து கிடக்கும் இடங்கள் அந்த நூற்றாண்டுக்கு மிகச் சிலவே. அந்தப் பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் இங்கே கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீதிமன்றம் எதைக் குறிவைத்துக் கேட்டதோ, அங்கேதான் மாலுமியின் சொல் மிகவும் ஆட்டம் காண்கிறது. போகிற போக்கில் அவன் வாயிலிருந்து விழுந்தவை உறுதியாக நிற்கின்றன. இவை இரண்டுக்கும் அப்பால், யாருமே கேள்வி கேட்காத ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. அவர்களை விட்டுவிட்டு இந்தக் கணக்கை முடிக்க முடியாது.

லண்டனின் அட்மிரால்டி உயர் நீதிமன்றம் அந்த நாட்டின் மற்ற நீதிமன்றங்களைப் போல நடக்கவில்லை. பிரைஸ் வழக்குகளில் ஜூரி கிடையாது. ரோமானியச் சட்டம் படித்த வழக்கறிஞர்கள் அங்கே வாதாடினார்கள். செயின்ட் பால் பேராலயத்துக்குப் பக்கத்தில் ‘டாக்டர்ஸ் காமன்ஸ்’ என்ற வளாகத்தில் அவர்கள் ஒன்றாகத் தங்கித் தொழில் செய்தார்கள். 1666இல் பெருந்தீ அந்த வளாகத்தை எரித்த பிறகு சில ஆண்டுகள் ஸ்ட்ராண்டு தெருவின் எக்சிட்டர் மாளிகையில் இயங்கினார்கள். சாட்சி திறந்த அவையில் நின்று பேசுவதில்லை. தனியறையில், முன்பே எழுதி வைத்த கேள்விகளை ஒருவர் கேட்பார், எழுத்தர் எழுதிக்கொள்வார், பிறகு படித்துக் காட்டுவார். மாலுமி கையெழுத்துப் போடுவான். தெரியாதவன் ஏதாவது குறி இடுவான். சில ஏடுகளின் அடியில் அந்தக் குறி ஒரு சின்ன நங்கூரம். தீர்ப்புச் சொல்லும் நீதிபதி சாட்சியின் முகத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. அவர் முன்னால் வருவது காகிதம்.

இந்த ஏற்பாட்டின் விளைவு பெரியது. ‘நான் பார்த்தேன்’ என்று மாலுமி சொன்னது, ‘இச்சாட்சி தாம் கண்டதாக உரைக்கிறார்’ என்று படர்க்கையில் ஏறும். அவன் இரண்டு வார்த்தையில் சொன்னது சட்டத்துக்கு வேண்டிய அடுக்குமொழியில் நாலு வரியாகும். அவன் நாலு நிமிடம் தடுமாறிச் சொன்னது ஒரே வரியில் அடங்கும். தயக்கம், கோபம், கெட்ட வார்த்தை, மௌனம் எதுவும் மையில் ஏறாது. டச்சு, டேனிஷ், ஜெர்மன் பேசும் மாலுமிக்கு நடுவில் மொழிபெயர்ப்பாளர் வேறு. ஆகவே நம் கைக்கு வருவது ஒரு மனிதனின் பேச்சு, இன்னொருவரின் மொழியில், மூன்றாமவரின் எழுத்தில், நான்காமவர் போட்ட கேள்விச் சட்டத்துக்குள். இதைத் தெரிந்துகொண்டுதான் ஏட்டைத் திறக்க வேண்டும்.

மாலுமியை நேரில் பேசவிட்டால் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு ஒரு காட்சி தற்செயலாகக் கிடைத்திருக்கிறது. கடற்படை நிர்வாகத்தில் உயர் பதவியில் இருந்த சாமுவேல் பீப்ஸ், 1663 டிசம்பர் 1 அன்று லண்டன் கில்டுஹாலில் ஒரு வழக்கைக் கேட்கப் போனார். அது பிடிபட்ட கப்பலைப் பற்றிய வழக்கு அல்ல; காப்பீட்டுப் பணத்துக்காகத் தலைவனே கப்பலைக் கடலில் கைவிட்டான் என்ற வழக்கு. விசாரணை பொது நீதிமன்ற முறைப்படி, எல்லோர் முன்னாலும் நடந்தது. மாலுமிகள் எதையும் வரிசையாகச் சொல்லவில்லை, அவர்கள் பேசிய கடல் சொற்கள் நீதிபதிக்குப் புரியவில்லை, அதே சொற்களை வழக்கறிஞர்கள் எடுத்துப் பேசியபோது தப்பும் தவறுமாக வந்தது என்று தம் நாட்குறிப்பில் எழுதினார் பீப்ஸ். தனக்குப் புரியாத ஆங்கிலத்தில் சத்தியம் செய்துவிட்டுப் பிரெஞ்சில் பேசிய ஒருவனின் சாட்சியமே எல்லாவற்றிலும் சிறந்தது என்று அவருக்குத் தோன்றியது. அதற்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அட்மிரால்டி ஏடுகள் இவ்வளவு ஒழுங்காக ஓடுகின்றனவே, அந்த ஒழுங்கு யாருடையது என்பதை இந்தக் காட்சி சொல்லிவிடுகிறது. பாய்மரத்தின் ஒவ்வொரு கயிற்றுக்கும் பெயர் தெரிந்தவன் அறைக்குள் ஒருவனே. அவனுடைய வரிசையில் எதுவும் எழுதப்படவில்லை.

எழுத்தரால் நேர்ந்த மாற்றத்தைவிடப் பெரிய சிக்கல் பொய். கடல் போர்களின் அரசியலே பொய்யைக் கட்டாயமாக்கியது. 1651இல் இங்கிலாந்து கப்பல் சட்டம் ஒன்றை இயற்றி டச்சு வணிகத்தின் கழுத்தை நெரித்தது. 1652 முதல் 1654 வரை, 1665 முதல் 1667 வரை, 1672 முதல் 1674 வரை என இரண்டு நாடுகளும் மூன்று முறை மோதின. முதல் போரில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டச்சுக் கப்பல்கள் ஆங்கிலேயர் கையில் சிக்கின. ஆனால் ஆம்ஸ்டர்டாம் வணிகர் தம் வணிகத்தை நிறுத்தவில்லை. ஹாம்பர்க், லூபெக், ஸ்வீடன் என்று போரில் சேராத ஊர்கள், நாடுகளின் பெயரில் கப்பலை எழுதி வைத்தார்கள். அங்கே குடியுரிமை பெற்ற ஒருவனைத் தலைவனாகப் போட்டார்கள். இரண்டு விதமான சரக்குச் சீட்டுகளும் இரண்டு விதமான கடவுச்சீட்டுகளும் ஒரே பெட்டியில் பயணம் செய்தன. இதற்குக் கப்பலுக்கு ‘நிறம் பூசுவது’ என்று பெயர்.

தலைவனின் மனைவி மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நீதிமன்றம் கேட்டது இதனால்தான். பெயர் லூபெக் என்று இருக்கலாம், கொடி லூபெக் கொடியாக இருக்கலாம், மனைவி ஆம்ஸ்டர்டாமில் துணி துவைத்துக்கொண்டிருந்தால் விஷயம் வேறு. காகிதம் கடலில் விழுந்ததா என்ற கேள்வியும் இதற்காகவே. எறிந்த காகிதம் பெரும்பாலும் உண்மையான காகிதம்.

இந்த விளையாட்டின் மிகப் பெரிய ஆட்டம் முதல் டச்சுப் போரின்போது நடந்தது. 1652இல் சாம்சன், சால்வடார், ஜார்ஜ் என்ற மூன்று கப்பல்கள் ஸ்பெயினிலிருந்து வெள்ளி ஏற்றி வந்தபோது பிடிபட்டன. வெள்ளி தங்களுடையது என்று ஹாம்பர்க், லூபெக் தரப்பினர் கேட்டார்கள். ஸ்பெயின் தூதரும் உரிமை கோரினார். உண்மையில் டச்சு வணிகர்களுடையது என்பது ஆங்கில அரசின் வாதம். மாலுமிகளையும் வணிகர்களையும் மாறி மாறி விசாரித்தார்கள். கப்பல்கள் விடுதலையாகும் நிலை வந்தபோது தாமஸ் வயலட் என்ற பொற்கொல்லர் எதிர்ப்பு மனு போட்டுத் தடுத்தார். வெள்ளியை அரசுக்குக் காப்பாற்றிக் கொடுத்தவன் நானே என்று 1653இல் ஒரு நூலும் வெளியிட்டார். இந்த வயலட், அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுக்கு முன் தங்கம் வெள்ளியைச் சட்டவிரோதமாக ஏற்றுமதி செய்ததற்காகத் தண்டனை பெற்றவர். உரிமை வாதம் முடியும் வரை வெள்ளி காத்திருக்கவில்லை. லண்டன் கோபுர நாணயச்சாலையில் அது ஆங்கில நாணயமானது. போருக்குப் பணம் தேவைப்பட்ட அரசும், சரக்கைக் காப்பாற்ற வேண்டிய வணிகரும் நடுவில் மாலுமியை நிறுத்தி ‘இது யாருடையது’ என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? அவனுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே குறைவு. வெள்ளிப் பெட்டியைத் தூக்கி வைத்தவன் அவன். பெட்டியின் மேல் போட்ட குறி தெரியும், உள்ளே ஓடும் கணக்கு தெரியாது.

மாலுமிக்குச் சொந்தமாக ஒரு கணக்கு இருந்தது. அதைக் கவனிக்காமல் சாட்சியத்தை எடைபோட்டால் தவறிவிடும். கடல் சட்டத்தில் ஒரு பழைய விதி: சரக்குக் கூலிதான் சம்பளத்தின் தாய். கப்பல் சரக்கைச் சேர்த்துக் கூலி வாங்கினால்தான் மாலுமிக்குச் சம்பளம். கப்பல் மூழ்கினாலோ எதிரியிடம் சிக்கினாலோ, எத்தனை மாதம் உழைத்திருந்தாலும் கையில் ஒன்றும் வராது. அமைதிக் காலத்தில் ஒரு தேர்ந்த ஆங்கில மாலுமியின் மாதச் சம்பளம் ஏறத்தாழ 20 ஷில்லிங். எட்டு மாதப் பயணத்தின் கடைசி வாரத்தில் கப்பல் பிடிபட்டால், அந்த எட்டு மாதமும் போயிற்று.

இதோடு இன்னொரு விதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடுநிலை நாட்டுக் கப்பலில் எதிரியின் சரக்கு இருந்தால் சரக்கைப் பறித்துக்கொண்டு, கப்பலுக்கு அதன் கூலியைக் கொடுத்து விட்டுவிடுவது ஆங்கில நீதிமன்றம் பொதுவாகப் பின்பற்றிய முறை. அப்படியானால் மாலுமியின் நலன் எங்கே இருக்கிறது? கப்பல் நடுநிலை நாட்டுடையது என்று நிலைநாட்டுவதில். சரக்கு யாருடையதாக இருந்தாலும் அவனுக்கு ஒன்றுதான். கப்பலைப் பற்றிய பதில் உறுதியாகவும், சரக்கைப் பற்றிய பதில் ‘எனக்குத் தெரியாது’, ‘அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்’ என்று தளர்வாகவும் வரும் ஏடுகளை இந்த ஒளியில் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. பிடித்தவர்கள் தரப்பிலும் கணக்கு உண்டு. 1652 டிசம்பரில் ஆங்கில நாடாளுமன்றம், பிடித்த கப்பலுக்கு டன்னுக்கு 10 ஷில்லிங், பீரங்கி ஒன்றுக்கு 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ் என்று தன் கடற்படை மாலுமிகளுக்கு விகிதம் வகுத்தது. ஒரு சாட்சியின் வாயில் வரும் டன் கணக்குக்குப் பின்னால் இந்த 10 ஷில்லிங் நிற்கிறது.

கேட்பவர்களும் பல நேரம் பங்காளிகளே. பீப்ஸும் அவருடைய சக அதிகாரிகள் சிலரும் 1666இல் அரசனுடைய ‘ஃப்ளையிங் கிரேஹவுண்ட்’ என்ற கப்பலை இரவல் வாங்கித் தனியார் வேட்டைக்கு அனுப்பினார்கள். அது பிடித்து வந்தவற்றைப் பற்றிய வழக்கைக் கேட்க அவர் 1667இல் எக்சிட்டர் மாளிகைக்கும் போனார். கில்டுஹாலில் மாலுமிகளின் குழறலை ரசித்த அதே மனிதர் இப்போது அவர்கள் வார்த்தையில் தம் பங்கு தொங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

வரலாற்றாசிரியர்கள் இந்த ஏடுகளை அணுகிய விதம் காலத்துக்குக் காலம் மாறியது. ஆர். ஜி. மார்ஸ்டன் 1894லும் 1897லும் அட்மிரால்டி வழக்குகளைத் தேர்ந்து பதிப்பித்தபோது அவர் தேடியது சட்டத்தின் வளர்ச்சி; மாலுமி அதில் ஒரு சான்று, அவ்வளவே. 1962இல் ரால்ஃப் டேவிஸ் ஆங்கிலக் கப்பல் தொழிலின் வரலாற்றை எழுதியபோது சம்பளம், சரக்குக் கூலி, கப்பலின் பங்குதாரர்கள் என்று பொருளாதாரத்தை இந்த வாக்குமூலங்களிலிருந்தே கட்டினார். 1987இல் மார்க்கஸ் ரெடிக்கர் அதே நீதிமன்றக் கட்டுகளில் முதலாளிக்கும் மாலுமிக்கும் நடந்த போராட்டத்தைக் கண்டார். பதினோரு வருடம் கழித்துப் பீட்டர் ஏர்ல், போராட்டத்தைவிட அன்றாடத்துக்கு அதிக இடம் கொடுத்தார். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை: தோண்டினால் உள்ளே உண்மை கிடைக்கும்.

அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்டவர் கப்பல்களைப் பற்றி எழுதாத ஒருவர். 16ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் கொலைக் குற்றவாளிகள் அரசனிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிய மனுக்களை ஆராய்ந்த நாட்டலி ஸீமோன் டேவிஸ், 1987இல் வெளிவந்த நூலில், ஆவணத்துக்குள்ளும் கதை கட்டும் கலை இருக்கிறது, அந்தக் கலையையே வரலாற்றுச் சான்றாகப் படிக்கலாம் என்று காட்டினார். அதன் பிறகு நீதிமன்ற ஏட்டை யாரும் பழைய மாதிரி படிக்க முடியவில்லை. எனக்கு அவருடைய பாடம் பெரிதும் உடன்பாடுதான். ஆனாலும் அதைக் கப்பல் வழக்குக்கு அப்படியே பொருத்தினால் ஒன்று கைநழுவும். மன்னிப்பு மனு எழுதுபவன் தன் கதையைத் தானே தொடங்குகிறான். பிடிபட்ட மாலுமி கதை சொல்ல வரவில்லை. இன்னொருவர் கேள்விக்கு மாட்டிக்கொண்டு நிற்கிறான். அவனுடைய சாட்சியம் துண்டு துண்டானது. கதையாகக் கோக்கப்படாத துண்டுகளுக்கு ஒரு தனி நம்பகத்தன்மை உண்டு.

அந்தத் துண்டுகள்தான் இன்று நமக்குப் பெரிய செல்வம். எங்கே பிறந்தாய் என்ற கேள்வி யாரையும் சிக்கவைக்கும் நோக்கில் அதிகம் பயன்படவில்லை, ஆனால் அதன் பதில்களைச் சேர்த்தால் வட ஐரோப்பாவின் தொழிலாளர் இடப்பெயர்வு கண்ணில் தெரிகிறது. நார்வேயில் பிறந்தவன், ஹாம்பர்க்கில் குடியிருப்பவன், டச்சுக் கப்பலில் வேலை செய்பவன் என்று ஒரே மனிதன் மூன்று கொடிகளுக்கு இடையில் நிற்கிறான். 18ஆம் நூற்றாண்டு விசாரணை ஏடுகளை இப்படி எண்ணிக் கணக்கிட்டு யெல்லே வான் லொட்டும் போன்றவர்கள் கடல் தொழிலாளர் சந்தையையே ஆராய்ந்திருக்கிறார்கள். எந்தத் துறையில் யார் கூலிக்கு எடுத்தார்கள், காற்று எந்தப் பக்கம் அடித்தது, முதல் குண்டு எப்போது வந்தது என்பன போன்ற விவரங்களில் பொய் சொல்லி அவனுக்கு ஆவது ஒன்றுமில்லை. கப்பலோடு சேர்த்துப் பிடித்த தபால் மூட்டைகளும் சான்றாக நீதிமன்றத்துக்கு வந்தன. கியூவில் ஏறத்தாழ 38,000 டச்சுக் கடிதங்கள் நூற்றாண்டுக் கணக்கில் முகவரிக்குப் போய்ச் சேராமல் கிடந்தன. அதே கப்பல்களில் வந்த மனைவியின் கடிதமும், தாயின் கடிதமும், வணிகரின் கடிதமும் சாட்சியத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைக்கின்றன. நம் கடற்கரையில் தண்டல் என்று சொல்வோமே, அந்தக் கப்பல் தலைவன் சத்தியம் செய்து மறைத்ததை அவன் மூட்டையில் இருந்த கடிதம் சில நேரம் திறந்து வைத்துவிடுகிறது.

இங்கிலாந்து ஒன்றே இப்படிச் செய்யவில்லை. டச்சு நாட்டில் ஐந்து அட்மிரால்டிகள் பிரைஸ் வழக்குகளைத் தீர்த்தன. பிரான்ஸ் 1659இல் பிரைஸ் மன்றம் ஒன்றை அமைத்தது. 1681இன் கடல் ஆணையில் எதிரியின் சரக்கு இருந்தால் நட்பு நாட்டுக் கப்பலையும் பறிக்கலாம் என்று விதித்தது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1683இன் சாசனத்தின் பேரில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஓர் அட்மிரால்டி நீதிமன்றத்தை 1686இல் தொடங்கியது. சட்டம் படித்த ஜான் பிக்ஸ் அடுத்த ஆண்டு அதன் நீதிபதியாக வந்தார். கம்பெனியின் அனுமதி இல்லாமல் வணிகம் செய்ய வந்த ஆங்கிலேயரின் கப்பல்களைப் பறிப்பது அதன் முக்கியமான வேலை.

ஆனால் ஒரு வழக்கில் சற்று நிற்கத்தான் வேண்டும். 1603 பிப்ரவரி 25 அன்று விடியற்காலையில், இன்றைய சிங்கப்பூர் அருகே, யாக்கோப் வான் ஹேம்ஸ்கெர்க் என்ற டச்சுத் தலைவன் ‘சாந்தா கதரீனா’ என்ற போர்ச்சுகீசியக் கப்பலைப் பிடித்தான். மக்காவோவிலிருந்து மலாக்காவுக்குப் பட்டும் பீங்கானும் ஏற்றிப் போன கப்பல். பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் அதில் இருந்தார்கள்; உயிர்ப் பிச்சைக்குப் பதிலாகக் கப்பலை ஒப்படைத்தார்கள். 1604 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாம் அட்மிரால்டி அதை முறையான பிரைஸ் என்று தீர்த்தது. சரக்கு 30 லட்சம் கில்டருக்கு மேல் விலை போனது. தீர்ப்புக்கு நியாயம் எழுதித் தர டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு இளம் வழக்கறிஞரை நாடியது. அவர் ஹியூகோ குரோஷியஸ். கிழக்கில் போர்ச்சுகீசியர் டச்சுக்காரர்களுக்குச் செய்த கொடுமைகளைப் பற்றி மாலுமிகளும் தலைவர்களும் சத்தியம் செய்து சொன்ன வாக்குமூலங்களைக் கம்பெனி திரட்டி அவர் கையில் கொடுத்தது. அவற்றை வைத்து அவர் எழுதிய பெரிய நூலின் ஒரு அத்தியாயம்தான் 1609இல் ‘சுதந்திரக் கடல்’ என்ற பெயரில் வெளிவந்தது. பன்னாட்டுச் சட்டத்தின் அடித்தள நூல்களில் ஒன்று என்று மாணவர்கள் இன்றும் படிப்பது அதையே.

இதில் என்னை உறுத்துவது ஒன்று. அந்த வாக்குமூலங்களைச் சொன்னவர்கள் பிடித்த கட்சியின் ஆட்கள். அவற்றைத் திரட்டியது வழக்கில் லாபமடைந்த நிறுவனம். அவற்றில் உண்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. போர்ச்சுகீசியர் டச்சு மாலுமிகளை மக்காவோவில் தூக்கிலிட்டது நடந்ததுதான். ஆனால் கடல் எல்லோருக்கும் பொது என்ற கோட்பாடு ஒரு கட்சியின் சாட்சிகளை மட்டும் கேட்டுப் பிறந்தது. ஜோகூர் அரசரும் அவருடைய ஆட்களும் அந்தப் பிடிப்பில் துணை நின்றார்கள் என்பது தெரிந்த செய்தி. அவர்கள் வாய்ச்சொல் ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தது டச்சுக்காரர்கள் வழியாகவே.

போர்ப் பிடிப்பிலிருந்து கொள்ளைக்கு வந்தால் சாட்சியத்தின் தன்மை தலைகீழாகிறது. பிரைஸ் வழக்கில் பேசியவன் பிடிபட்ட கப்பலின் மாலுமி. கொள்ளை வழக்கில் பேசியவன் பிடித்த கப்பலின் மாலுமி, அதுவும் தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள. இந்தச் சிக்கல் சட்டத்துக்கே தெரிந்திருந்தது. ரோமானிய முறைப்படி ஒருவனைக் கொள்ளைக்காரன் என்று தண்டிக்க அவனே ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது கண்ணால் பார்த்த நடுநிலைச் சாட்சி வேண்டும். கடலிலோ சாட்சி சொல்லக்கூடியவர்களைக் கொள்ளைக்காரர்களே கொன்றுவிடுகிறார்கள். 1536இல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் இந்தக் காரணத்தை முகவுரையிலேயே சொல்லி, கடற்கொள்ளை வழக்குகளை ஜூரி முன் கொண்டுவந்தது. அன்றிலிருந்து கொள்ளைக் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்து அரசுத் தரப்பில் சாட்சி சொல்பவனே வழக்கின் முதுகெலும்பானான்.

வில்லியம் கிட் என்ற கப்பல் தலைவன் மீதான கொள்ளை வழக்கில் அதன் ஆபத்து வெளிப்பட்டது. 1698 ஜனவரியில் கேரளக் கரைக்கு அப்பால் அவன் பிடித்த ‘குவேதா மெர்ச்சண்ட்’ ஆர்மீனிய வணிகர்களுக்கு உரியது. அதன் தலைவன் ஆங்கிலேயன். கையில் இருந்தது பிரெஞ்சுக் கடவுச்சீட்டு. பிரான்சோடு நடந்த போரில் பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க உரிமம் பெற்றிருந்த கிட்டுக்கு அந்தச் சீட்டுதான் உயிர். 1701இல் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் நடந்த விசாரணையில் அவனுக்கு எதிராகப் பேசியவர்கள் அவனுடைய மருத்துவன் ராபர்ட் பிராடின்ஹாமும் மாலுமி ஜோசஃப் பாமரும். சீட்டு இருந்ததாகக் கிட் சொல்லக் கேட்டோம், கண்ணால் பார்க்கவில்லை என்ற அளவில் அவர்கள் பேச்சு நின்றது. சீட்டைக் கிட் விசாரணைக்கு முன்பே அதிகாரிகளிடம் கொடுத்திருந்தான். விசாரணை நாளில் அது வரவில்லை. அவனைத் தூக்கிலிட்டு 200 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு லண்டன் ஆவணக் காப்பகத்தில் அது இருந்தது தெரியவந்தது. கிட் குற்றமற்றவன் என்று இதனால் ஆகிவிடாது. வாய்ச்சொல்லைச் சோதிக்கக் காகிதம் வேண்டும் என்று பிரைஸ் நீதிமன்றம் வைத்திருந்த கவனம் இங்கே இல்லாமல் போனது.

கிட் அந்தக் கப்பலைப் பிடித்ததற்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டு முன்னால் நடந்த இன்னொரு பிடிப்பே இந்த ஆய்வின் கனமான பகுதி. 1695 செப்டம்பரில் சூரத்தை நெருங்கிக்கொண்டிருந்த ‘கஞ்ச்-இ-சவாய்’ அவுரங்கசீப்பின் சொந்தக் கப்பல். ஹஜ் முடித்துத் திரும்பும் பயணிகள், அவர்களில் பெண்கள், செங்கடல் வணிகத்தில் கிடைத்த பொன்னும் வெள்ளியும் அதில் இருந்தன. கடற்கொள்ளைக்காரன் ஹென்றி எவரியின் ‘ஃபேன்சி’ அதை மடக்கியது. அந்த ஃபேன்சியே, முன்பு ‘சார்லஸ் 2’ என்ற பெயரில் ஸ்பெயின் துறைமுகம் ஒன்றில் நின்றபோது கலகம் செய்து கடத்திய கப்பல்.

எவரி தப்பிவிட்டான். அவன் ஆட்களில் சிலர் அகப்பட்டார்கள். ஜான் டான் என்பவன் அகப்பட்ட கதை அவனுடைய 1696 ஆகஸ்ட் 3 வாக்குமூலத்திலேயே இருக்கிறது. இங்கிலாந்தின் ராச்செஸ்டர் ஊரில் ஒரு விடுதியில் தங்கினான். அங்கே வேலை செய்த பெண் அவனுடைய மேற்சட்டையைத் தூக்கியபோது அது கனத்தது. தையலுக்குள் 1,045 பவுண்டு மதிப்புள்ள செக்கின் பொற்காசுகளும் பத்து கினியும் வைத்துத் தைத்திருந்தான். மறுநாள் காலை மேயர் அவனைப் பிடித்துவைத்தார். ஒரு தேர்ந்த மாலுமி எண்பது ஆண்டுக்கு மேல் உழைத்தால் கிடைக்கும் சம்பளம் அந்தச் சட்டையில் இருந்தது. பிலிப் மிடில்டன் என்ற சிறுவனும் பேசினான். பங்கு சிலருக்கு 1,000 பவுண்டு, சிலருக்கு 600, சிலருக்கு 500. தனக்கு 100 பவுண்டுக்குச் சற்று மேல் கொடுத்தார்கள், அதையும் கூட்டாளி ஜான் ஸ்பார்க்ஸ் திருடிக்கொண்டான் என்றான். இந்த விவரங்களை நான் முழுக்க நம்புகிறேன். யாரும் இவற்றைக் கட்டிச் சொல்லத் தேவையில்லை. எந்தத் துறையில் தண்ணீர் பிடித்தார்கள், எந்தத் தீவில் யார் இறங்கிக்கொண்டார்கள் என்பதிலும் இவர்களுடைய சொல் ஒன்றோடொன்று பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று வரும்போது சொல் சுருங்கிவிடுகிறது. மீதிப் பொருள் எங்கே என்று கேட்டுச் சிலரைச் சித்திரவதை செய்ததாக வாக்குமூலம் ஒன்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு மேலே போகிறது. தூக்குமேடைக்குப் போன ஸ்பார்க்ஸ் மட்டும், இந்தியர்களுக்கும் அவர்களின் பெண்களுக்கும் செய்த கொடுமைக்காகவே தனக்கு இந்தச் சாவு தகும் என்று வருந்தியதாக அன்றைய அச்சுப் பிரசுரம் பதிந்திருக்கிறது. மறுபக்கத்துக் கதையைச் சொன்னவர் முகலாய வரலாற்றாசிரியர் காஃபி கான். கப்பலின் பீரங்கி ஒன்று வெடித்துச் சொந்த ஆட்களையே கொன்றதையும், தலைவன் இப்ராஹிம் கான் கோழையாக நடந்ததையும், மானத்துக்கு அஞ்சிப் பெண்கள் கடலில் குதித்ததையும் கத்தியால் குத்திக்கொண்டதையும் அவர் எழுதினார். 80 பீரங்கி, 400 துப்பாக்கி இருந்தும் தோற்றார்கள் என்பது அவர் ஆற்றாமை. இழப்பு 52 லட்சம் ரூபாய் என்று கணக்குக் கொடுத்தார். அவரும் கப்பலில் இருந்தவர் அல்ல, கேட்டு எழுதியவர்.

1696 அக்டோபர் 19 அன்று ஓல்டு பெய்லியில் எவரியின் ஆட்கள் ஆறு பேரை நிறுத்தினார்கள். டான், மிடில்டன், கலகத்தில் சேர மறுத்த சார்லஸ் 2 கப்பலின் துணைத் தலைவர்களில் ஒருவரான டேவிட் கிரீ முதலானோர் சாட்சிகள். ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். மற்றவர்களை ஜூரி குற்றவாளிகள் அல்ல என்று விடுவித்தது. அவுரங்கசீப்புக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்த அரசும், சூரத்தில் தன் ஆட்கள் சிறைப்பட்டதைக் கண்ட ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும் அதிர்ந்தன. பன்னிரண்டு நாள் கழித்து வேறொரு குற்றச்சாட்டோடு அவர்களைத் திரும்ப நிறுத்தினார்கள்: ஆங்கிலக் கப்பலான சார்லஸ் 2ஐக் கடத்தியது. இந்த முறை ஜூரி தண்டித்தது. நவம்பர் 25 அன்று ஐந்து பேர் தேம்ஸ் கரையில் தூக்கிலிடப்பட்டார்கள்.

அந்த விசாரணையின் அச்சுப் பதிவைப் படிக்கும்போது நான் ஒவ்வொரு சாட்சியின் பெயரையும் குறித்துக்கொண்டே போனேன். எல்லாம் ஆங்கிலப் பெயர்கள். கஞ்ச்-இ-சவாயில் பாய் இழுத்த லஸ்கர் மாலுமி ஒருவர் இல்லை. சுக்கான் பிடித்தவர் இல்லை. சூரத்தில் இறங்கி வீட்டுக்குப் போன ஒரு பயணி இல்லை. உயிரோடு கரை சேர்ந்தவர்கள் நிறையப் பேர். சூரத்துத் தெருவில் அவர்கள் எழுப்பிய கூக்குரலால்தான் அங்கிருந்த ஆங்கிலேயரை முகலாய அதிகாரி பூட்டிவைக்க நேர்ந்தது. லூபெக் கொடியில் வந்த டச்சுக் கப்பலின் கடைநிலை மாலுமியைக்கூட உட்காரவைத்து, மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு, முதல் கேள்வியை லண்டன் கேட்டிருக்கிறது. எங்கே பிறந்தாய்? கஞ்ச்-இ-சவாயின் மாலுமி ஒருவரிடமும் அந்த நீதிமன்றம் அதைக் கேட்கவில்லை.